கரட்டுக்குப் பேர் மாற்றிய ஊர்

கருவிகளைப் பற்றி நான் பேசமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நில அளவைப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொன்னார்கள், வந்திருக்கிறேன். கருவி உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். செயற்கைக்கோளோடு பேசுகிற பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஆட்களுக்கு நான் என்ன கற்றுத்தர முடியும்? நான் பேசப்போவது ஒரே ஒரு காரியத்தைப் பற்றி. ஒரு மலையைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் "இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்பது. கேட்பது சுலபம். கேட்ட பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும்.

நாற்காலி வேண்டாம், எனக்கு உட்கார்ந்து பேச வராது. இப்படி அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டேதான் பேசுவேன். கண்ணைக் கட்டுகிறது என்றால் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் வெயில் தாழ்ந்த பிறகு திண்டுக்கல் மலைக்கோட்டை மேல் ஏறிப் பாருங்கள். தென்கிழக்கே சிறுமலை. மேற்கே கொடைக்கானல் மலைகள். பாடப்புத்தகம் முதலாவதைக் கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்க்கிறது, இரண்டாவதை மேற்குத் தொடர்ச்சி மலையில் சேர்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிரியாணி தின்றுகொண்டு நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் இங்கே பிறந்தவன் எவனும் அந்தப் பேர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னாளப்பட்டிக்காரருக்குச் சிறுமலை கிழக்கு மலை. நத்தத்துக்காரருக்கு அதே மலை மேற்கு மலை, ஏனென்றால் அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் சூரியன் அதற்குப் பின்னால்தான் விழுகிறது. இரண்டு பேரும் சொல்வது சரிதான். மலைக்குப் பேர் வைக்கிறவன் எப்போதும் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் வைக்கிறான்.

அப்புறம் கரடு. வடக்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் மலை வேறு, கரடு வேறு. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிற பாறைக்குன்றைக் கரடு என்போம். உயரம் இத்தனை அடி என்று கணக்கெல்லாம் கிடையாது. ஓர் ஆட்டுக்காரர் எனக்குச் சொன்ன கணக்கு இது: காலையில் ஏற்றிய ஆடு சாயங்காலம் தானாக வீட்டுக்கு இறங்கி வந்தால் அது கரடு, தேடிக்கொண்டு போகவேண்டியிருந்தால் மலை. இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில் ஓர் ஊர். பேர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும். ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. அந்தக் குன்றுக்கும் சிறுமலைக்கும் இடையில் தாழ்வான ஓர் இடைவெளி, முள்ளும் பாறையுமாகக் கிடக்கும். குன்றில் கல்குவாரி போட அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பித்திருந்தார். மேலிடத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்த கேள்வி இதுதான்: இந்தக் குன்று சிறுமலைத் தொடரின் பகுதியா, அல்லது தனிக்கரடா? உள்ளூரில் இதை எப்படி அழைக்கிறார்கள்? மலையின் பகுதி என்றால் குவாரிக்கு இடமில்லை. தனிக்கரடு என்றால் உண்டு.

"சும்மா பேரைக் கேட்டு எழுதிட்டு வாங்க, அம்புட்டுதான். திங்கக்கிழமை மேசைக்கு வரணும்" என்றார் என் மேலதிகாரி. அந்த அம்புட்டுதான் என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்குக் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கும்.

பேர் கேட்பதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்பேன், ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாமல். எப்போதும் மூன்று பதில் வரும். ஒருவர் சாமி பேரைச் சொல்வார், ஒருவர் பாறையின் உருவத்தைச் சொல்வார், ஒருவர் "இதுக்குப் பேரெல்லாம் இருக்கா என்ன" என்பார். அந்தக் குழப்பத்துக்குள்தான் உண்மையான பேர் கிடக்கும்.

அந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு பெயர்ப் பலகை. பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து: 'வால்மலை'. அம்புக்குறி குன்றைக் காட்டியது. விரலை வைத்தேன், பெயிண்ட் ஒட்டிக்கொண்டது.

டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அது வால்மலை சார். சிறுமலையோட வாலு." சைக்கிளில் போனவரை நிறுத்திக் கேட்டேன். "அது வால்மலை சார். சிறுமலையோட வாலு." பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு பெண்ணிடம் கேட்டேன். அதே வாக்கியம், அதே இழுவை, முடிவில் அதே தலையாட்டல். இத்தனை வருடத்தில் ஓர் ஊரில் இரண்டு பேர் ஒரு மலைக்கு ஒரே பேர் சொல்லி நான் கேட்டதில்லை, இங்கே ஊரே மனப்பாடம் ஒப்பிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பிகளா, தங்கைகளா. சாட்சிகள் முரண்பட்டால் பயப்படாதீர்கள். ஒத்துப்போனால் உஷாராகுங்கள்.

குன்றின் பக்கம் நடந்தேன். எதிரே ஓர் அம்மா தலையில் சுள்ளிக்கட்டோடு இறங்கி வந்தார். மலையின் பேரைக் கேட்கவில்லை நான். "ஏம்மா, வெயில்ல எங்கிட்டுப் போயிட்டு வாரீக?" என்று மட்டும் கேட்டேன்.

"கரட்டுக்குத்தேன் சார், சுள்ளி பெறக்க..." என்றவர் நின்றுவிட்டார். ஒரு கை கட்டைப் பிடித்திருக்க, இன்னொரு கை வாயைப் பொத்தியது. "சார், எழுதிப்புடாதீக. மேரியக்கா என்னைய வஞ்சே கொன்னுபுடும்."

"யாரு மேரியக்கா?"

குன்றின் அடியில் தனியாகத் தெரிந்த ஓட்டு வீட்டைக் கண்ணாலேயே காட்டிவிட்டு அவர் வேகமாகப் போய்விட்டார்.

செல்வமேரிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். வார்டு உறுப்பினர். வீட்டுக்காரர் இறந்தபிறகு சம்பங்கித் தோட்டத்தை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தார். வீடு, தோட்டம், கிணறு மூன்றும் குன்றின் காலடியில். கிணறு பாறையில் வெட்டியது. குன்றிலிருந்து கசிகிற நீர்தான் அதில் ஊறுகிறது. நான் போனபோது பறித்த பூவை ஈரத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். மோர் கொடுத்தார். நான் மோரைக் கையில் வைத்துக்கொண்டே, "பலகை எப்ப வச்சீங்க?" என்றேன்.

அவர் மழுப்பவில்லை. "போன வாரம். நாந்தேன் எழுதச் சொன்னேன். ஊரு பூரா வீடு வீடாப் போயி சொல்லிக் குடுத்ததும் நாந்தேன்."

"ஏன்?"

"எங்க அக்காவ குவாரி இருக்கிற ஊருல குடுத்துருக்கு. வெடி வைக்கிற நேரமாச்சுன்னா அங்க பொம்பளைக அடுப்புல இருந்து சோத்துப் பானைய இறக்கி வச்சுட்டு தெருவுல வந்து நிக்கிறாக சார். தெனமும். வெடி முடிஞ்சதும் உள்ள போயி சுவத்தத் தடவிப் பாத்துட்டு மறுபடி அடுப்புல ஏத்துறாக. அக்கா வீட்டுக் கெணறு வெடிப்பு விட்டு தண்ணி பூரா எங்கிட்டோ ஓடிருச்சு. இந்தக் கெணறு போச்சுன்னா எனக்கு என்ன சார் இருக்கு? இந்த வயசுல திருப்பூருக்குப் போயி பனியன் மடிக்கவா?"

"அதுக்காகப் பேரை மாத்தலாமா?"

"பேருதான கேட்டாக? கரடுண்டா உடைக்கலாம், மலைண்டா உடைக்கக் கூடாதுண்டாக. சரி, மலைண்டு வச்சுட்டோம். பேரு வைக்கிறது யாரு சார், ஊருதான? இப்ப ஊரு கூடி வச்சிருக்கு. எழுதுங்க."

மோரைக் குடித்துவிட்டு எழுந்து வெளியே நடந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? எல்லா மலைக்கும் பேர் வைத்தது எப்போதோ ஏதோ ஓர் ஊர்தானே? நூறு வருடத்துக்கு முன்னால் வைத்தால் வழக்கு, போன வாரம் வைத்தால் பொய்யா? என் கையில் பேனா இருக்கிறது. 'உள்ளூர் வழக்கில் வால்மலை' என்று எழுதினால் என்னை யார் கேட்கப் போகிறார்கள்? எழுதத்தான் மனசு வந்தது. உங்களிடம் ஒளிப்பானேன்.

அப்படியே யோசித்துக்கொண்டு குன்றைச் சுற்றிப் போனபோது ஒரு சிமெண்ட் நுழைவு வளைவு. அதற்குப் பின்னால் பாறையைக் குடைந்து மாதா சிலை வைத்த சின்னக் கெபி. வளைவின் மேல் ஒரு பிளெக்ஸ் பேனரைக் கட்டியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து. பங்குனி மாதத்து வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே பனிமான் வண்டி இழுக்கிறது. காற்றில் பேனரின் ஒரு முனை தூக்கியது. கீழே சிமெண்டில் செதுக்கிய எழுத்து தெரிந்தது: 'கரட்டு மாதா'. பலகை மாட்டிவிட்டார்கள், மாதாவின் பேரைக் கொத்தி எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

"பாத்தீங்களா சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

விண்ணப்பதாரரின் மேனேஜர். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து நான் எங்கே போனாலும் மரியாதையான தூரத்தில் வந்து நிற்பார். காரில் ஏறச் சொல்வார், நான் மாட்டேன் என்பேன், அவரும் காரை விட்டுவிட்டு நடந்தே வருவார். முதலாளியிடமிருந்து அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போய்க் குனிந்து பேசிவிட்டு வருவார். பல்லுக்குள்ளேயே பேசுகிற மனுஷன்.

"நானும் போட்டோ எடுத்து வச்சிருக்கேனுங்க" என்று போனைக் காட்டினார். பேனர் தூக்கிய நேரம் பார்த்து எடுத்திருந்தார். "ஏனுங்க சார், குவாரிக்காரன்னா பொய்யி பேசுவான்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இங்க பொய்யி பேசுறது யாருன்னு நீங்களே பாத்துக்கோங்க. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலீங்க."

அது உண்மை. அந்த ஊரில் அன்றைக்குத் தானாக முன்வந்து குன்றின் பேரை உள்ளபடி காட்டிய ஆள் அவர் ஒருவர்தான்.

நான் திரும்ப செல்வமேரி வீட்டுக்கு வந்தேன். நடையில் கோபம் இருந்தது, அவர் மேலா, மேனேஜர் மேலா, திங்கட்கிழமை மேலா என்று எனக்கே தெரியவில்லை.

"அந்த மேனேஜர்கிட்ட மாதா கோயில் வளைவு போட்டோ இருக்கு. விசாரணையில காட்டுவாரு. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது. கெணறு வெடிக்கும்னு சொல்றதையும் பொய்யின்னுதான் எடுத்துக்குவாங்க. வச்ச பேரே உங்களைக் கவுத்துரும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப என்ன செய்யச் சொல்றீக? கெணத்தத் தூக்கிக் குடுத்துரவா?"

"பேரை விடுங்க. மலைக்கும் கரட்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு எனக்குக் காட்டுங்க."

மறுநாள் காலை அந்த இடைவெளிக்குப் போனோம். செல்வமேரி முன்னால், நான் நடுவில், மேனேஜர் பின்னால். அவரை வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கல் எப்படியிருக்கிறது என்று பார்க்க அன்றைக்கு அவர்கள் கரட்டின் அந்தப் பக்கத்தில் மாதிரித் துளை போடுவதாக இருந்தது. கம்ப்ரசர் வைத்த டிராக்டர் ஒன்று ஏறி நின்றிருந்தது.

இடைவெளியில் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் கரடு, மறு பக்கம் சிறுமலை. நடுவில் மண் தாழ்ந்து கிடக்கிறது. "பஸ்ஸே போகலாமுங்க இதுக்குள்ள. இது எப்படிங்க ஒரே மலையாகும்?" என்றார் மேனேஜர். செல்வமேரி, "தாந்து கெடந்தா? இடுப்பு சிறுத்தா ஆளு ரெண்டாயிருமா?" என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எவ்வளவு தாழ்ந்தால் ஒரு மலை இரண்டாகும்? நான் தேடிப் பார்த்தவரை எந்த விதியிலும் இல்லை. உயரத்தை அளந்தேன், தூரத்தை அளந்தேன், எண்கள் வந்தன. எண்களை வைத்து ஒன்று என்றும் எழுதலாம், இரண்டு என்றும் எழுதலாம். இந்த இடம்தான், பிள்ளைகளா. கருவி தன் வேலையை முடித்துவிட்டுப் பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். நீங்கள் மட்டும் வெயிலில் நிற்பீர்கள். போன் அடித்தது. மேலதிகாரி. "என்னங்க, பேரு கேக்கப் போனவரு குடும்பமே நடத்துறீங்களா அங்க?" என்றார். இதோ வந்துவிட்டேன் என்றேன். வரவில்லை. முள்ளுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். காலால் மண்ணைச் சீய்த்தேன். ஒரு விரற்கடை மண், அதற்குக் கீழே பாறை. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சீய்த்தேன். அங்கேயும் பாறை. கரட்டின் அடியிலிருந்து சிறுமலையின் அடிவரை சீய்த்துக்கொண்டே போனேன். போன இடமெல்லாம் மண்ணுக்கடியில் அதே பாறை, ஒரே விரிப்பாக. ஆனால் ஒரே பாறைதானா, அடியில் எங்காவது பிளந்து கிடக்கிறதா? அதைக் கண்ணால் எப்படிச் சொல்வது?

சிறுமலைப் பக்கத்துப் பாறையில் களைத்துப் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன், முள் ஏறியிருந்தது. அப்போதுதான் கரட்டின் அந்தப் பக்கத்தில் துளை போட ஆரம்பித்தார்கள். சத்தம் லேசாகத்தான் கேட்டது, குன்றே மறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் என் பாதத்தில் கூச்சமெடுத்தது. எறும்பு என்று நினைத்துக் காலைத் தூக்கினேன். எறும்பு இல்லை. காலை வைத்தேன், மறுபடியும் கூசியது. சத்தம் நின்றது, கூச்சமும் நின்றது.

"மேரியம்மா, செருப்பக் கழட்டிட்டு இங்க வந்து நில்லுங்க" என்றேன்.

வந்து நின்றார். சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிறுமலையை அண்ணாந்து பார்த்தார், கரட்டைப் பார்த்தார். "அங்கிட்டு குத்துறாக, இங்கிட்டு வலிக்குது" என்றார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் பளபளவென்று ஷூ போட்டிருந்தார். "கழட்டுங்க" என்றேன். தயங்கினார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அதுவரை முதல் மணிக்கே எடுத்த மனுஷன் அதை அடிக்கவிட்டார். தலையைக் குனிந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியுதுங்க" என்றார் கடைசியில், மெதுவாக.

நான் எழுதிய அறிக்கை சின்னது. ஊர் வழக்கில் இதன் பேர் கரடு என்று எழுதினேன். வால்மலை என்பது அண்மையில் வைத்த பேர் என்றும் எழுதினேன். இடையில் மண் தாழ்ந்திருந்தாலும் பாறை தொடர்கிறது, கரட்டில் துளையிட்ட அதிர்வு சிறுமலைப் பாறையில் உணரப்பட்டது, ஆகவே இது தொடரின் பகுதி என்பது என் கருத்து என்று முடித்தேன்.

நான் கரடு என்று எழுதியது மட்டும் ஊருக்குத் தெரிந்து கொதித்துப்போனார்கள். குவாரிக்காரன் சர்வேயரை விலைக்கு வாங்கிவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. செல்வமேரி எனக்குப் போன் செய்தார். "கரடுண்டு எழுதிட்டீகளாமே. நீங்க எழுதிட்டுப் போயிருவீக சார், பென்சன் வாங்கிட்டு இருப்பீக. தோத்துட்டா நாங்கதேன இங்க கெடக்கணும்." நான் சொன்னேன், "விசாரணைக்கு முந்தியே பலகையக் கழட்டிருங்க. நீங்களே எந்திரிச்சு நிசத்தச் சொல்லுங்க. மத்தவங்க கண்டுபிடிச்சுச் சொன்னா அது பொய்யி, நீங்களே சொன்னா அது பயம். பயத்த அதிகாரி புரிஞ்சுக்குவாங்க." சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

விசாரணை கலெக்டர் ஆபீசில். வராண்டாவில் காத்திருந்த நேரத்தில் நான் எத்தனை தடவை குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன் என்று கேட்காதீர்கள். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள், என்னிடம் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. செல்வமேரியும் பார்க்கவில்லை. பலகை என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

விசாரித்தது ஓர் இளம் பெண் அதிகாரி. விண்ணப்பதாரரின் வக்கீல் எழுந்ததுமே மாதா வளைவு போட்டோவை மேசையில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் செல்வமேரி எழுந்துவிட்டார்.

"அம்மா, அவுக காட்டுறது நெசந்தேன். அது கரடுதேன். எங்க தாத்தன் காலத்துல இருந்து கரடுதேன். வால்மலைண்டு நாந்தேன் பேரு வச்சேன், ஊருக்கும் நாந்தேன் சொல்லிக் குடுத்தேன். பலகைய நேத்து நானே கழட்டிட்டேன். ஆனா கரட்டுல குத்துனா மலையில தெரியுதும்மா. நான் காலு வச்சுப் பாத்தேன். எங்கெணறு அந்தக் கரட்டுக் காலடியிலதேன் இருக்கு."

உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் விடுவாரா? "பொய் சொன்னதாக அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?" என்றார். என் யோசனையைக் கேட்டு அந்த அம்மா தானாகவே வந்து கழுத்தை நீட்டியிருக்கிறார்.

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டினார். "அதிர்வு உணரப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கருவி வைத்து அளந்தீர்களா?"

"இல்லைங்க மேடம். காலில் உணர்ந்தேன்."

வக்கீல் சிரித்தார். பின்னால் இன்னும் சிலரும் சிரித்தார்கள்.

"உங்களையும் இந்த அம்மாவையும் தவிர வேறு யாராவது அங்கே நின்றார்களா?"

"விண்ணப்பதாரரின் மேனேஜர் நின்றார்."

மேனேஜர் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவரை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தார். முதலாளி அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தார். அது முறைப்பதைவிட மோசமாக இருந்தது.

"நீங்கள் அங்கே நின்றீர்களா?"

"நின்னேனுங்க."

"ஏதாவது தெரிந்ததா?"

இல்லைங்க என்று ஒரு வார்த்தை போதும். அதைப் பொய்யென்று நிரூபிக்க யாராலும் முடியாது. எங்கள் இரண்டு பேர் சொல் ஒரு பக்கம், அவர் சொல் ஒரு பக்கம் என்று கேஸ் வடிந்துபோயிருக்கும். நான் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டேன்.

"ஷூவக் கழட்டிட்டு நின்னேனுங்க" என்றார். "தெரிஞ்சதுங்க."

வக்கீல் ஏதோ பேசினார், யார் காதிலும் ஏறவில்லை. அனுமதி கிடையாது என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டார். எழுத்து உத்தரவு பிறகு வந்தது. ஊர் ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். அதுவரை என்னைப் பார்க்காதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செல்வமேரி அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன், தரையில் கால் பாவவில்லை. வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டு போக நின்றார்கள்.

வேன் நின்ற இடத்துக்கு எதிரேதான் பஸ் ஸ்டாப். வெயில் தகித்தது. அங்கே மேனேஜர் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. அவர் வந்த கார் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தது. பைக்குள் அவர் சாப்பாட்டு டப்பாவும் ஒரு சட்டையும் தெரிந்தன. காரில் கிடந்த அவர் சாமான்களை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. போனைப் பார்த்தார், பையில் போட்டார், மறுபடி எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவேயில்லை.

செல்வமேரி அவரைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க எழுதுனீக, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான் பேசுனேன், எங்கெணறு தப்பிச்சிருச்சு" என்றார் என்னிடம். "வேல போனது அந்தப் புள்ளைக்கா?"

பஸ் ஸ்டாப்பையே பார்த்துக்கொண்டு அவரே கேட்டார், "அவுக பேரு என்ன சார்?"

எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மலை, ஓடை, பாறை, புளியமரம் என்று பார்த்ததற்கெல்லாம் பேர் கேட்டுக் கேட்டு எழுதியவன். இரண்டு நாள் என் பின்னாலேயே வெயிலில் நடந்த மனுஷனின் பேரை நான் கேட்கவேயில்லை. என் அறிக்கையில்கூட 'விண்ணப்பதாரரின் மேலாளர்' என்றுதான் இருந்தது.

செல்வமேரி சாலையைக் கடந்து போனார். நானும் பின்னால் போனேன். மேனேஜர் எங்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் இரண்டடி தள்ளி நின்றார்.

"தம்பி பேரு என்ன?" என்றார் செல்வமேரி.

"கதிர்வேலுங்க."

"ஏம்ப்பா கதிர்வேலு, சாப்டியா?"